இன்ஜின் நின்றால் எதிரே பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிறிய விமானத்தின் இன்ஜின் நடுவானில் நின்றால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும், "கல்லு மாதிரி விழுந்துடும்" என்கிறார்கள். விழாது. மேட்டிலிருந்து சைக்கிள் மிதிக்காமலே உருண்டு வருகிறதல்லவா, அதுபோல உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து முன்னே போய்க்கொண்டிருக்கும். பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் செஸ்னா 172, ஆயிரம் அடி உயரத்திலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் மிதக்கும். ஆனால் மணிக்கு 120 கிலோமீட்டர் அளவில் வேகம் இருக்க வேண்டும். அதற்கு விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியே ஆகவேண்டும். தரை நெருங்க நெருங்க, கை மூக்கை மேலே இழுக்கத்தான் துடிக்கும். இழுத்தால் வேகம் செத்துவிடும். அப்புறம் உண்மையாகவே விழும்.

புறப்பட்ட உடனே நிற்பதுதான் கொடுமை. பின்னாலேயே ரன்வே இருக்கிறது, திரும்பிவிடலாம் என்று மனம் சொல்லும். திரும்பாதீர்கள் என்று பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான். வளைய வளைய உயரம் கரைகிறது. எதிரே கிடைக்கிற வெட்டவெளியில் இறங்குவதே மேல்.

2015 மார்ச் 5. நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, அப்போது அவருக்கு 72 வயது, கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து தன் ரயான் விமானத்தில் தனியாகக் கிளம்பினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பயிற்சி விமானம், திறந்த காக்பிட். மேலே ஏறும்போதே இன்ஜின் சக்தி போய்விட்டது. விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிடம் சொல்லிவிட்டு இடப்பக்கம் திரும்பினார். அவருக்கும் முதலில் ரன்வே ஆசைதான்! ஆனால் எட்டாது என்று தெரிந்த நொடியில் அதை விட்டார் பாருங்கள், அதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். சுற்றிலும் வீடுகள், நடுவே பென்மார் கோல்ஃப் மைதானம். அங்கே இறக்கினார். மர உச்சியில் இடித்து, புல்தரையில் மோதி நின்றது விமானம். அவருக்குப் பலத்த காயம், உயிருக்கு ஆபத்தில்லை. தரையில் இருந்த யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணையில் என்ன தெரிந்தது? காற்றையும் எரிபொருளையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். அதற்குள் எரிபொருளை அளந்து விடும் சிறு துளைத் திருகான பிரதான ஜெட் கழன்று, எரிபொருள் அளவுக்கு மீறிப் பாய்ந்திருக்கிறது. விமானியின் தோள்பட்டை பெல்ட்டும் சரியாகப் பொருத்தப்படவில்லை. காயம் அதனால் கூடியது. பழைய விமானம் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்ஜினைத் துடைத்துப் பளபளப்பாக்கினால் மட்டும் போதாது.

எரிபொருளைப் பற்றித் தனியாகப் பேச நினைத்தேன். நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. சரி, சுருக்கமாக. கிளம்பும் முன் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். வழக்கமான விமானப் பெட்ரோல் என்றால் நீலமாக இருக்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமின்றித் தங்கும். இன்னொன்று, கட்டாந்தரையில் இறங்கப்போகிறீர்கள் என்றால் தரை தொடுவதற்கு முன்பே கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிடுங்கள். மோதி உடல் நெளிந்துவிட்டால் கதவு திறக்காது. வணக்கம்.