கிராம சபை: கேள்வி கேட்க வருஷத்துக்கு ஆறு நாள்

[காட்சி: அரசு அலுவலக வாசல். ஊழியர்கள் வரிசையில் நின்று கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள்]

வணக்கம். செப்டம்பர் 17 காலையில் ஏதாவது அரசு அலுவலகத்துக்குப் போயிருக்கிறீர்களா? இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அன்று பெரியார் பிறந்தநாள், அதைச் சமூக நீதி நாள் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அடுத்த வருஷமே அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 சமத்துவ நாள் ஆனது. ஐ.நா. சபையும் தன் பங்குக்கு பிப்ரவரி 20ஐ உலக சமூக நீதி நாளாக 2009இலிருந்து கடைப்பிடிக்கிறது. எதுவும் தப்பில்லை. ஆனால் உறுதிமொழி முடிந்ததும் அவர்கள் சீட்டுக்குப் போய்விடுவார்கள், நாமும் ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். நாம் போய் உட்கார்ந்து, வாய் திறந்து பேசி, பேசியது எழுத்தில் ஏறி, அதற்கு ஒரு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டிய நாள் ஒன்று இருக்கிறது. அதுதான் கிராம சபை கூடும் நாள், வருஷத்துக்கு ஆறு முறை வரும். அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: நாட்காட்டியில் ஆறு தேதிகள் ஒவ்வொன்றாக வட்டமிடப்படுகின்றன]

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நாலும் பழசு. 2022இல் உலக தண்ணீர் தினமான மார்ச் 22ஐயும் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள். எல்லாமே ஏற்கெனவே ஏதோ ஒரு தினம்தான், ஆனால் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு முடியாமல் அன்றைக்கு ஊராட்சி ஊராட்சியாகக் கிராம சபை கூட வேண்டும்.

யாரெல்லாம் உறுப்பினர்? ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற அத்தனை பேரும். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. சட்டமன்றத்துக்குள் போய்ப் பேச நீங்கள் தேர்தலில் ஜெயிக்க வேண்டும், இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தால் போதும். ஆனால் தலை எண்ணிக்கை முக்கியம். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

[காட்சி: ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவில் போகிறது]

கூட்டம் நடக்கப்போவதை ஊருக்கு எப்படிச் சொல்வார்கள்? பல ஊர்களில் பறையடித்துச் சொல்லும் தண்டோராதான் இருந்தது. அதை யார் வீட்டு ஆள் அடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். எல்லோரும் சமமாக உட்காரப்போகும் ஒரு கூட்டத்துக்கு அழைப்பே இப்படிப் போனது! 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்று கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் இன்னொரு கடிதமும் போனது, பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடியேற்றுவதற்கு எந்தத் தடையும் வரக்கூடாது என்று. சுதந்திரம் வந்து 75 வருஷம் கழித்து எதற்கு இப்படி ஒரு கடிதம் என்று தோன்றலாம். 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து, ஐந்து நாள் கழித்து கலெக்டரும் எஸ்.பி.யும் நேரில் வந்து நின்ற பிறகுதான் அவர் ஏற்றினார்.

மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி என்றால் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. அதற்கப்புறம் பத்து வருஷம் மனு போட ஆள் வராது, வந்து ஜெயித்தாலும் அந்தக் கையோடு ராஜினாமா. 2006இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் கிராம சபையில் வந்து உட்கார்ந்தார். அது வெறும் போட்டோவுக்கான இடமில்லை என்பது இந்தக் கதை தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

[காட்சி: பச்சை மலைத்தொடர்]

தீர்மானம் போட்டால் மட்டும் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை வெட்டலாமா என்ற வழக்கில், அங்குள்ள கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன, திட்டம் நின்றது. ஆனால் அங்கே, காட்டில் வாழும் மக்களுக்கு அந்தக் காட்டின் மேல் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் கைகொடுத்தது. இங்கே காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தில் பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள், அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. அதனால் தீர்மானம் போட்டாலே ஜெயம் என்று நான் சொல்ல மாட்டேன். தெருவிளக்கு, குடிநீர், மயானப் பாதை, வரவு செலவுக் கணக்கு, இந்த மாதிரி விஷயங்களில் அது நன்றாகவே வேலை செய்யும்.

[காட்சி: தீர்மானப் புத்தகம், அருகில் ஒரு பேனா]

நான் முதல்முறை போனபோது உட்காரும் முன்பே நோட்டை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள், நானும் போட்டுவிட்டேன். அது வருகைப் பதிவா தீர்மானப் புத்தகமா என்று பார்க்கத் தோன்றவில்லை. நீங்கள் பாருங்கள். உங்கள் கோரிக்கையை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானம் எழுதியதும் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், “பரிசீலிக்கலாம்” என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். அப்புறம், தனியாகப் போகாதீர்கள். ஒரே விஷயத்தைப் பத்துப் பேர், அதிலும் ஆறு பேர் பெண்கள், எழுந்து கேட்டால் கூட்டத்தின் தொனியே மாறிவிடும்.

நகரத்தில் இருப்பவர்கள் எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். 2022 நவம்பர் 1இலிருந்து உங்களுக்கும் கிராம சபை மாதிரியே வார்டுக்குள் கூடும் பகுதி சபை இருக்கிறது. அது வேறு கதை, அடுத்த வீடியோவில் பார்ப்போம்.