முறிந்த திருகாணியும் மேல்தளத்தின் ஓட்டையும்

(காட்சி: ஆடும் கிளீட், அதன் ஓரத்தில் பழுப்புக் கறை.)

சிறிய ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகின் மேல்தளத்தில், கயிறு கட்டும் கிளீட் ஒன்றின் திருகாணித் தலை கையோடு வந்துவிட்டது. உடல் உள்ளேயே தங்கிவிட்டது. பக்கத்தில் புதிய ஓட்டை போட்டு வேறொன்றை முடுக்கிவிடத்தான் எவருக்கும் தோன்றும். அதற்கு முன், துருப்பிடிக்காத எஃகு ஏன் முறிந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

இந்த எஃகைக் காப்பது, ஆக்சிஜன் படுவதால் அதன் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். திருகாணியைச் சுற்றியுள்ள அடைப்புப் பசை விட்டுப்போய் உப்புநீர் இறங்கித் தேங்கினால், அந்த இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்து, படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் சிதைகிறது. வெளியே பளபளக்கும் திருகாணி, மறைந்த இடத்தில் மட்டும் அரிக்கப்பட்டு மெலிந்திருப்பது இதனால்தான். மாலிப்டினம் கலந்த 316 வகை, 304 வகையைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் தேங்கிய நீர் அதையும் விடாது.

(காட்சி: பல் வெட்டிய குழாய், அருகில்.)

நட் போட்ட போல்ட் என்றால், கீழே நட்டைக் கழற்றி மேலிருந்து தட்டினால் பெரும்பாலும் இறங்கிவிடும். தளத்திலேயே முடுக்கிய திருகாணிதான் பிடிவாதக்காரன். அதன் நடுவில் துளையிட முயன்றால், எஃகு மேலும் கெட்டிப்பட்டு டிரில் முனை வழுக்கும். அதைவிட, திருகாணி உள்ளே நுழையுமளவு சிறிய எஃகுக் குழாயின் விளிம்பில் அரத்தால் நான்கைந்து பற்கள் வெட்டி, டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றினால், திருகாணி தன்னைச் சுற்றிய ஃபைபர் கிளாஸோடு தக்கைபோல வெளியே வரும். ஓட்டை பெரிதாகிறதே என்று வருந்த வேண்டாம்; எப்படியும் அதைப் பெரிதாக்கத்தான் போகிறோம். தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் தேவை.

பல படகுகளின் மேல்தளத்தில், இரண்டு ஃபைபர் கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே பால்சா என்னும் மிக இலேசான மரம் இருக்கும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் நலம், மந்தமாக ஒலித்தால் நீர் பரவியிருக்கிறது. அது கையகலத்தைத் தாண்டியிருந்தால், மேலடுக்கையே வெட்டித் திறக்கும் பெரிய வேலை.

(காட்சி: வளைத்த ஆணி டிரில்லில் சுழல்கிறது.)

பாதிப்பு ஓட்டையைச் சுற்றி மட்டும் என்றால், நுனி வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி, அடுக்குகளுக்கு இடையே உள்ள ஈர மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட்டு, அடிப்பக்கத்தை டேப்பால் மூடுங்கள். முதலில் எபாக்ஸியை (இரண்டு பாகங்களைக் கலந்ததும் இறுகும் பிசின்) எதுவும் சேர்க்காமல் திரவமாகவே ஊற்றினால் மரம் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சிலிக்கா தூள் கலந்து, குச்சியிலிருந்து வழியாத பதத்தில் நிரப்ப வேண்டும். இறுகியபின் 6 மி.மீ. போல்ட்டுக்கு 6.5 மி.மீ. துளை போதும். இனி நீர் கசிந்தாலும் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தை அல்ல.

துளையின் மேல்விளிம்பைச் சற்றே சரிவாகச் சீவி, போல்ட்டின் கழுத்தில் பியூட்டைல் டேப்பை (பிசைந்தால் வளையும், ஒட்டும் ரப்பர் நாடா) சுற்றுங்கள். சிலிகான் வேண்டாம், அது விட்டுச்செல்லும் பிசுக்கின் மேல் பின்னர் எதுவும் ஒட்டாது. கீழே அகன்ற தாங்கு தகடு வைத்து, மேலே போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். தலை சுழன்றால் டேப் அறுந்துவிடும். பிதுங்கி வருவதைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி இறுக்கி, ஒருவர் மேலே தண்ணீர் பாய்ச்ச, மற்றவர் கீழே நட்டை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.