ஒரே தெரு, ஒரே போர், ஒரே பெஞ்ச்... ஒருத்திக்கு 8,755 பவுண்ட், இன்னொருத்திக்கு பூஜ்ஜியம்! ஏன்?

[திரையில்: வகுப்பறை பெஞ்ச், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஸ்கூல் பை]

2022 அக்டோபர். இங்கிலாந்துல ஒரு அரசுப் பள்ளி, இயர் 9 வகுப்பு, அதாவது 13, 14 வயசுப் பிள்ளைங்க. உக்ரைன் நாட்டுல கார்கிவ்ல அடுத்தடுத்த வீட்டுல இருந்த ரெண்டு பொண்ணுங்க இங்க ஒரே பெஞ்ச்ல உட்கார்ந்திருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. ஒருத்தி படிப்புக்காக அப்போ அரசு தனியா தந்த தொகை வருஷத்துக்கு 8,755 பவுண்ட். இன்னொருத்திக்கு ஒரு பென்னி கிடையாது.

என்ன வித்தியாசம்? முதல் பொண்ணு முன்னப்பின்ன தெரியாத ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தோட வீட்டுல தங்க வந்தா. அதுக்குப் பேரு ஹோம்ஸ் ஃபார் உக்ரைன். அப்போ அந்தத் திட்டத்துல பணம் இருந்துச்சு. ரெண்டாவது பொண்ணுக்கு இங்கிலாந்துல ஏற்கெனவே தாய்மாமன் இருக்காரு. அவர் வீட்டுக்கு ஃபேமிலி ஸ்கீம் விசால வந்தா. அதுல பணம் இருக்கல. நமக்கெல்லாம் தாய்மாமன்னா சீர் வரும். இவளுக்குத் தாய்மாமன் இருந்ததாலயே சீர் போச்சு!

[திரையில்: 8,755 / 6,580 / 4,500 / 0]

அதே திட்டத்துல பிரைமரி பிள்ளைன்னா 6,580. மீள்குடியேற்றத் திட்டத்துல வந்த ஆப்கான் பிள்ளை, அதுக்கு முன்னாடி வந்த சிரியா பிள்ளை, 5 வயசுல இருந்து 18 வரைக்கும், முதல் வருஷத்துக்கு 4,500. படகுல இங்கிலீஷ் கால்வாயைக் கடந்து வந்து தஞ்சம் கேட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு இப்படி ஒரு தலைக்கணக்கே இல்ல. ஆனா எல்லாரையும் சேர்த்துக்கணும்னு சட்டம் இருக்கு. அவ்வளவுதான், நகருவோம்.

ஏன்னா எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். வியாழக்கிழமை!

[திரையில்: காலண்டர், 2022 அக்டோபர் 6]

“தனித்தொகை இல்லாட்டி என்ன, எல்லாப் பிள்ளைக்கும் வர்ற சாதாரண நிதி வருமே”ன்னு நீங்க கேப்பீங்க. வரும். எப்போ? இங்கிலாந்துல அக்டோபர் மாசம் முதல் வியாழன் அன்னைக்குத் தலை எண்ணுவாங்க, ஸ்கூல் சென்சஸ். 2022-ல அது அக்டோபர் 6. நம்ம ரெண்டாவது பொண்ணு மறுநாள் வெள்ளிக்கிழமை வந்து சேர்றா. போச்சா? அடுத்த எண்ணிக்கை 2023 அக்டோபர் 5. அன்னைக்கு எண்ணின தலைக்கு உடனே காசு வந்துடுமா? அதுவும் இல்ல. கவுன்சில் பள்ளின்னா 2024 ஏப்ரல். அகாடமின்னா, அதாவது கவுன்சில் கையில இல்லாம மத்திய அரசு நேரடியா நிதி தர்ற பள்ளின்னா, செகண்டரியில பெரும்பாலானது அகாடமிதான், 2024 செப்டம்பர்.

விரல் விட்டு எண்ணிக்கோங்க, கிட்டத்தட்ட 23 மாசம். இயர் 9-ல வந்த பொண்ணு அப்போ இயர் 11. ஜிசிஎஸ்இ, அதாவது நம்ம பத்தாவது பொதுத்தேர்வு மாதிரி பரீட்சை வருஷம்! இவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வேண்டிய பணம், இவ பரீட்சைக்குப் படிக்கிறப்போ வாசல்ல வந்து காலிங் பெல் அடிக்குது.

நியாயத்தைச் சொல்லிடணும். முந்தின வருஷக் கணக்கை வெச்சுக் கொடுத்தா, வரப்போற வருஷம் கையில எவ்வளவு இருக்கும்னு ஹெட்மாஸ்டருக்கு முன்கூட்டியே தெரியும். வியாழன் எண்ணின பிள்ளை வெள்ளிக்கிழமை வேற ஊருக்குப் போயிட்டாலும் காசு பள்ளிக்குத்தான். பிள்ளைங்க இடம் மாறாத ஊருக்கு இது அருமையான ஏற்பாடு. அகதிக் குடும்பம் செப்டம்பர் ஒண்ணாந்தேதி பார்த்தா கிளம்பி வரும்?

அந்த 23 மாசம் வகுப்புல என்ன நடக்கும்? டீச்சர் மொழிபெயர்ப்பு ஆப் போட்டு போனை நீட்டுவாங்க, அது உக்ரைனிய மொழியில ஏதோ பேசும், பொண்ணு சிரிக்கும், ஏன் சிரிச்சான்னு டீச்சருக்குத் தெரியாது. கதவு, ஜன்னல், டாய்லெட்னு படம் போட்ட அட்டை ஒட்டியிருக்கும். கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒரு ஆள், அதுதான் உண்மையான செலவு.

பள்ளிக்கு எவ்வளவு நிதின்னு கணக்குப் போடுற ஃபார்முலாவுல இங்கிலீஷ் தெரியாத பிள்ளைக்குக் கூடுதல் தொகையும் உண்டு. மூணு வருஷம் மட்டும். ஜிம் கம்மின்ஸ்னு கனடா ஆய்வாளர் ஒருத்தர், அரட்டை அடிக்கிற அளவு மொழி ரெண்டு வருஷத்துல வந்துடும், பாடம் படிக்கிற மொழிக்கு அஞ்சுல இருந்து ஏழு வருஷம் ஆகும்னு அப்பவே சொல்லிட்டாரு. காதுல போட்டுக்கிட்ட மாதிரி தெரியல.

[திரையில்: 1966]

இந்தப் பாஸ்போர்ட் பார்த்துப் பந்தி வைக்கிறது புதுசும் இல்ல. 1966 உள்ளாட்சிச் சட்டத்துல செக்‌ஷன் 11-னு ஒரு மானியம், காமன்வெல்த்ல இருந்து, அதாவது பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் காலனி நாடுகள்ல இருந்து, வந்தவங்களுக்கு மட்டும். இலங்கை உள்ளே, வியட்நாம் வெளியே. 1993-லதான் அந்தக் கதவைத் திறந்தாங்க.

80-கள்ல யாழ்ப்பாணத்துல இருந்து லண்டன் வந்து படிச்சவங்க யாராவது இதைப் பாக்குறீங்களா? முதல் மாசம் உங்க பக்கத்துல உட்கார்ந்து மொழிபெயர்த்தது யாரு? கமெண்ட்ல எழுதுங்க, நான் உட்கார்ந்து எல்லாத்தையும் படிக்கப்போறேன்.