கண்ணாடியில் ஆவி படியாமல் ஒரு வழி கிடைத்துவிட்டது!

வணக்கம் மக்களே! போன வீடியோ முழுக்க, ஆவி படிகிறதே என்று நான் திட்டித் தீர்த்த, நோயுற்ற குதிரைகளைப் பார்க்கும்போது போடும் அந்தப் பாதுகாப்புக் கண்ணாடி இந்த முறை கடைசி வரை தெளிவாக இருந்தது! சிக்கல் கண்ணாடியில் இல்லை, மாஸ்கில். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி வளைத்து, மேல் விளிம்பு முழுக்க மருத்துவ டேப் ஒட்டினேன். மூச்சுக் காற்று மேலே ஏறவே இல்லை. மூக்குத் தண்டின் ஓரத்தில் துளி இடைவெளி விட்டாலும் போச்சு. ஆங், வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் பாதியில் பிய்ந்து வரும்.

இதற்கா இவ்வளவு சந்தோஷம்? ஆமாம். ஆவி படிந்தால் முதலில் நெற்றிக்கு ஏறுவது கண்ணாடிதான். குதிரையின் மூக்கில் குழாய் விடும்போது அது ஒரு செருமு செருமினால் சளி நேராக நம் கண்ணில்தான் தெறிக்கும். ஹெண்ட்ரா வைரஸை நினைத்துப் பாருங்கள். 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கண்டுபிடித்தார்கள். குதிரைகளிடமிருந்து மனிதர்களில் 7 பேருக்குத் தொற்றி 4 பேர் இறந்தார்கள். அதில் இருவர் கால்நடை மருத்துவர்கள். குதிரைகளுக்குத் தடுப்பூசி 2012-இல் வந்துவிட்டது. ஆனால் நம் முன்னால் நிற்கும் குதிரைக்குப் போட்டிருக்கிறதா என்பது எப்போதும் தெரிவதில்லையே!

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். கவச உடையோடு திடுதிப்பென்று லாயத்துக்குள் நுழையாதீர்கள். அந்தச் சரசர சத்தத்துக்கே குதிரை மிரளும். கதவுக்கு வெளியே நின்று கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும்.

எனக்கு அறவே பிடிக்காதது, சாணம் மிதக்கும் கால் தொட்டி, அதாவது பூட்ஸை நனைக்கும் கிருமிநாசினித் தொட்டி. இதைப் பார்த்தாலே கோபம் வருகிறது! சாணமும் மண்ணும் கலந்தால் பிளீச்சின் வீரியம் போய்விடும். பூட்ஸைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கிருமிநாசினியில் கால் வைக்க வேண்டும். தொட்டி கலங்கினால் உடனே மாற்றுங்கள்.

கழற்றும்போது கையுறை முதலில், பிறகு கண்ணாடி, அப்புறம் மேலங்கி. லாயத்தை விட்டு வெளியே வந்த பிறகு, கடைசியாக மாஸ்க். டேப் ஒட்டியிருப்பவர்கள் கையைக் கழுவிவிட்டுத்தான் அதை உரிக்க வேண்டும், விரல் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் போகிறது. மாஸ்கைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடியும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அடுத்த வீடியோ ஸ்ட்ராங்கில்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் பற்றி. காய்ச்சல் வந்து ஓரிரு நாள் கழித்துத்தான் மூக்கு வழியாகக் கிருமி வெளியேறத் தொடங்கும். அதற்குள் குதிரையைத் தனியே கட்ட தெர்மாமீட்டர் போதும். தோல் சிவக்காத டேப் எது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்!