'நல்ல மாணவர்' என்று எழுதினால் ஆபத்து! டாக்டர்களுக்கு மார்க் போடும் கதை

வணக்கம் மக்களே! ஒரு மருத்துவக் கல்லூரி டீன் தன் மாணவரைப் பற்றி 'நல்ல மாணவர்' என்று கடிதம் எழுதுகிறார். மேற்படிப்புக்கு ஆள் எடுக்கும் ஆஸ்பத்திரியில் அதைப் படிப்பவர், 'ஓ, கடைசி வரிசையா?' என்று எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார். அமெரிக்காவில் இப்படி நடக்க வாய்ப்பு நிறையவே உண்டு. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் நம்ம ஊர்க் கணக்கை வேகமாக முடித்துவிடலாம்.

நம்ம குமரி மாவட்டத்து ஆசாரிப்பள்ளத்தில் படித்தாலும் சரி, குலசேகரத்தில் படித்தாலும் சரி, எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருடம். அப்புறம் எம்.டி., எம்.எஸ். சேர நீட் பி.ஜி. 200 கேள்வி, மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1, மொத்தம் 800. ரேங்க் வந்ததும் கவுன்சிலிங். அரசு டாக்டராக வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழ்நாடு தன் பங்கு இடங்களில் 50 சதவீதம் ஒதுக்குகிறது. மற்றபடி, வார்டில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று கேட்க அந்தக் கணக்கில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

என் அக்கா மகள் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் முன் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். சில்லென்ற கை பட்டால் நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வார். கல்லீரல் வீங்கியிருந்தாலும் விரலுக்குத் தட்டுப்படாது. ஒரு பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, உனக்க கை கொள்ளாம்" என்றாராம். உன் கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நீட் பி.ஜி.யில் அந்தக் கைக்கு எத்தனை மார்க்? பூஜ்யம். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம்.

அமெரிக்காவில் அந்தக் கைக்கு மார்க் உண்டு. பெரும்பாலும் மூன்றாம் வருடத்தில் மெடிசின், சர்ஜரி, குழந்தைகள், பிரசவம், மனநலம் என்று மாணவர்கள் வார்டு வார்டாகச் சுற்றுவார்கள். கூட நின்று பார்த்த டாக்டர்களின் மதிப்பீடும், கடைசியில் எழுதும் தேர்வும் சேர்ந்து ஆனர்ஸ், ஹை பாஸ், பாஸ், ஃபெயில் என்று கிரேடு வரும். டாக்டர் லைசென்ஸுக்காக எழுதும் தேர்வுகளில், எண்ணாக மார்க் வந்துகொண்டிருந்த ஸ்டெப் 1 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்டது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பார்க்கும் எண் இப்போது பெரும்பாலும் ஸ்டெப் 2 மார்க்தான். அதனால் வார்டு கிரேடுக்கு மவுசு இன்னும் கூடிவிட்டது.

மேற்படிப்புக்காக ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் டீன் கடிதத்தில் இதெல்லாம் ஏறும். இனிதான் விஷயமே! பல கல்லூரிகள் அந்தக் கடிதத்தின் முடிவில் மாணவருக்கு ஒரே ஒரு அடைமொழி போடும்: அவுட்ஸ்டாண்டிங், எக்செலன்ட், வெரி குட், குட். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு ஏணி. 'குட்' பெரும்பாலும் அந்த ஏணியின் அடிப்படி.

நம்ம ஊர் 'கொள்ளாம்' இருக்கிறதே, அதே சங்கதி! மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மருமகன் 'கொள்ளாமே!' என்றால் இன்னொரு அகப்பை விழும். 'ம்ம்… கொள்ளாம்' என்று குரலை இறக்கினால், புளி கூடிப்போச்சு என்று மாமிக்குத் தெரிந்துவிடும். காதில் விழுந்தால் புரியும். காகிதத்தில் குரல் ஏது?

இங்கே படித்துவிட்டு அங்கே விண்ணப்பிப்பவர்களும் டீன் கடிதம் அனுப்ப வேண்டும். நம் டீன் மனசார 'குட் ஸ்டூடன்ட்' என்று எழுதினால் அங்கே அது எப்படிப் படும் என்று யோசித்துப் பாருங்கள். கடிதம் கேட்கும்போது, நீங்கள் வார்டில் செய்த ஒரு காரியத்தையாவது விவரமாக எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசிப் படி, மேட்ச். மாணவரும் ஆஸ்பத்திரியும் ஆளுக்கொரு விருப்பப் பட்டியல் தர, கணினி ஜோடி சேர்க்கும். முடிவு மார்ச் மூன்றாவது வெள்ளியன்று. 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற கணித அறிஞர்கள் இருவரும் கல்யாணப் பொருத்தத்தை வைத்து எழுதிய கணக்கின் வழிதான் இது. இந்த முறையைச் செப்பனிட்ட ஆல்வின் ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. இதற்கே தனி வீடியோ போடுகிறேன்.

அப்போ அமெரிக்க முறையே இங்கேயும் வரட்டுமா? அப்படியே வேண்டாம். ஒரே வேலைக்கு ஒரு டாக்டர் ஆனர்ஸ் போடுவார், இன்னொருவர் பாஸ் போடுவார். சிறுபான்மை இன மாணவர்களுக்கு ஆனர்ஸ் குறைவாகக் கிடைப்பதை அங்கே ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. இங்கே வந்தால் சாதியும் சிபாரிசும் வார்டுக்குள் நுழையும் என்று பயப்படுபவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உங்கள் மாமா யார் என்று நீட் தாளுக்குத் தெரியாது. அது பெரிய விஷயம். ஆனால் வெளிக் கல்லூரிப் பரிசோதகர்கள் முன்னால், முன்பின் தெரியாத ஒரு நோயாளியைப் பார்த்துக் காட்டுவதற்கு 800இல் ஒரு 80 மார்க்காவது வைக்கலாமே?

ஆசாரிப்பள்ளம், குலசேகரம் ஹவுஸ் சர்ஜன்களே, இதற்கு நீங்கள் சம்மதிப்பீர்களா, அந்த 80ஐ யார் கையில் கொடுக்கலாம் என்று கமெண்டில் எழுதுங்கள். ஒன்றுவிடாமல் படிப்பேன்.