பழைய டீலக்ஸ் ரிவெர்பா, புது ரீஇஷ்யூவா? – சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். சென்னையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்காரு: "அமெரிக்காவுல இருக்கிற உறவினர் மூலமா 1966 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிதார் ஆம்ப் ஒண்ணு கிடைக்குது. அதே ஆம்போட இன்றைய காப்பி, '65 ரீஇஷ்யூவும் புதுசா கிடைக்குது. பழசோட சவுண்ட் புதுசுல வராதுங்கிறாங்களே, எதை வாங்கட்டும்?"

கச்சேரிக்குத் தூக்கிட்டுப் போக உங்ககிட்ட இருக்கப்போறது இந்த ஒரே ஆம்ப்தான்னா, ரீஇஷ்யூவை வாங்குங்க. பழசு வேணும்னா சர்வீஸ் செலவையும் விலையோட சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு, சேஸிஸை (சர்க்யூட் இருக்கிற உலோகப் பெட்டி) திறந்து பார்த்த பிறகு வாங்குங்க.

ரெண்டுக்கும் அடிப்படை சர்க்யூட் ஒண்ணுதான், ஃபெண்டர் அதுக்கு வெச்ச பேரு ஏபி763. ரெண்டு 6வி6 பவர் டியூப் (வால்வு), ஏசியை டிசியா மாத்துற ஜிஇசட்34 ரெக்டிஃபயர் டியூப் ஒண்ணு, 22 வாட். அப்போ சவுண்ட் ஏன் வேற மாதிரி கேக்குதுன்னா, முதல் காரணம் ஸ்பீக்கர். ரீஇஷ்யூல பெரும்பாலும் வர்றது ஜென்சன் சி12கே. அது 100 வாட் தாங்குற ஸ்பீக்கர், 22 வாட்டுக்கு அசைஞ்சே கொடுக்காது, மேல் ஸ்தாயி கூர்மையா குத்தும். பழசுல இருந்தது குறைஞ்ச வாட் ஸ்பீக்கர், வால்யூமை ஏத்தினா அதுவே கொஞ்சம் உடைஞ்சு கொடுக்கும். அதனால சி12க்யூ மாதிரி 35 வாட் ஸ்பீக்கர் ஒண்ணை ரீஇஷ்யூல மாட்டிக் கேளுங்க. பழசு பழசுன்னு சொல்ற வித்தியாசத்துல பெரும்பகுதி அங்கேயே கிடைச்சுடும். வைப்ரட்டோ சேனல் வால்யூம் மேல 47 பிகோஃபாரட் கண்டென்சர் ஒண்ணு இருக்கும், குறைஞ்ச வால்யூம்ல கீச்சுனு கேக்க அதுதான் காரணம். அதோட ஒரு காலை வெட்டிவிட்டா போதும். இது ரெண்டு ஆம்புக்குமே பொருந்தும்.

சரி, பழசைத்தான் பாக்கப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். வால்யூம் மாதிரி குமிழுக்குப் பின்னாடி இருக்கிற பொட்டோட (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகுல நம்பர் அடிச்சிருக்கும். 137 6614ன்னு இருந்தா, 137 அதைச் செஞ்ச சிடிஎஸ் கம்பெனி, 66 வருஷம், 14 வாரம். டிரான்ஸ்ஃபார்மர்ல நம்பர் 606-ல தொடங்கினா ஷூமேக்கர் கம்பெனி, அடுத்து வருஷத்தோட கடைசி இலக்கம், அப்புறம் வாரம். கேபினெட் உள்ளே ஒட்டியிருக்கிற டியூப் சார்ட்ல ரெண்டு எழுத்து முத்திரை இருந்தா, 1966க்கு முதல் எழுத்து 'பி' (P). பொட்டை மட்டும் நம்பாதீங்க. 1966-ல மொத்தமா வாங்கின பொட்டுகள் அதுக்கப்புறம் பல வருஷம் ஆம்புகள்ல வந்திருக்கு. டிரான்ஸ்ஃபார்மரும் பொட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதா, ஈயப் பத்து சூடு பட்டு மறுபடி பத்த வெச்ச மாதிரி இருக்கான்னு பாருங்க. டிரான்ஸ்ஃபார்மர் மாத்தியிருந்தா வாசிக்கக் குறையில்ல, ஆனா விலையை நல்லாவே குறைக்கணும்.

இப்ப முக்கியமான விஷயம், கரண்ட். அந்த ஆம்ப் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செஞ்சது. நம்மூர்ல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் (வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர்) போட்டா வோல்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. ஃபிரீக்வென்சி குறையும்போது டிரான்ஸ்ஃபார்மர் கோர் கூடுதலா காந்தமாகி, அதிகமா சூடாகும். அதனால ஸ்டெப்-டவுன்ல 120 வோல்ட் டேப்பை (வெளியே வர்ற முனை) விட 110 டேப் நல்லது. அப்போ டியூபைச் சூடாக்குற ஹீட்டருக்கு 6.3க்குப் பதிலா சுமார் 5.9 வோல்ட் வரும், அது பத்து சதவீத வரம்புக்குள்ளதான். ஸ்டெப்-டவுன் 300 விஏவுக்கு (வோல்ட்-ஆம்பியர்) குறையாம எடுங்க. நாள்பூரா வாசிக்கிறவங்க 230 வோல்ட் பிரைமரி (கரண்ட் உள்ளே வர்ற பக்கம்) உள்ள பவர் டிரான்ஸ்ஃபார்மரையே மாத்திட்டு, பழையதைப் பெட்டியில பத்திரமா வைக்கிறதுதான் சரியான வழி.

எர்த் விஷயத்துல சமரசமே கிடையாது. பழைய ஆம்புல ரெண்டு பின் வயர்தான் வரும். மெயின்ஸ் லைன்லேருந்து சேஸிஸுக்கு 0.047 மைக்ரோஃபாரட், 600 வோல்ட் கண்டென்சர் ஒண்ணு கிரவுண்ட் சுவிட்ச் வழியா போயிருக்கும். அது ஷார்ட் ஆனா மெயின்ஸ் கரண்ட் கிதார் கம்பிக்கே வந்துடும். மைக்ல உதடு பட்டா உயிருக்கு ஆபத்து. அந்தக் கண்டென்சரைக் கழட்டி எறிஞ்சுட்டு மூணு பின் வயர் போட்டு, பச்சை வயரை சேஸிஸ்ல தனி போல்ட்ல முடுக்குங்க. ஸ்டெப்-டவுனும் எர்த்தைக் கடத்துதான்னு மீட்டர் வெச்சுப் பாக்கணும். ரெண்டு பின் சாக்கெட் உள்ளதுல எர்த் அங்கேயே அறுந்துடும்.

ரொம்ப வருஷம் சும்மா கிடந்த ஆம்பை நேரா பிளக்ல சொருகாதீங்க. டியூபெல்லாம் கழட்டிட்டு, சீரீஸ் போர்டுல (பல்ப் வழியாத்தான் கரண்ட் போற மாதிரி வயர் பண்ணின போர்டு) 100 வாட் குண்டு பல்ப் போட்டு ஆன் பண்ணுங்க. பல்ப் 230 வோல்ட் பக்கத்துல, ஸ்டெப்-டவுனுக்கு முன்னாடி இருக்கணும். பளிச்னு மின்னி மங்கினா நல்லது, பிரகாசமாவே நின்னா டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட். பவர் சப்ளையில இருக்கிற 16 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டென்சர் அஞ்சும் அந்தக் காலத்துதுன்னா, யோசிக்காம மாத்துங்க. கூடவே பயாஸ் (பவர் டியூப்ல ஓடுற கரண்ட்டைக் கட்டுப்படுத்துற வோல்டேஜ்) கண்டென்சரையும். அதை விட்டுட்டா பயாஸ் வோல்டேஜ் விழுந்து பவர் டியூப் சிவந்து போகும். கை வைக்கிறதுக்கு முன்னாடி 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வழியா ஒரு நிமிஷம் சார்ஜை இறக்கி, மீட்டர்ல பூஜ்யம் வருதான்னு பாத்துக்குங்க. உள்ளே 400 வோல்டுக்கு மேல நிக்கும். இதுல பழக்கமில்லாதவங்க டெக்னீஷியன்கிட்ட கொடுத்துடுங்க.

ரீஇஷ்யூல இந்தத் தலைவலி இல்ல, 230 வோல்ட் மாடலையே கேட்டு வாங்கலாம். குறை என்னன்னா பிரிண்டட் போர்டு. பழசுல ஃபைபர் போர்டுல கையால வயர் பண்ணியிருப்பாங்க, ஒரு ரெசிஸ்டரை மாத்த அஞ்சு நிமிஷம் போதும். பிரிண்டட் போர்டுல அதிகமா சூடு வெச்சா செப்புத் தடமே உரிஞ்சு வந்துடும். அதனால அடிக்கடி மாத்திப் பாக்கிற ஆசை இருக்கிறவங்களுக்கு ரீஇஷ்யூ அவ்வளவா தோதுப்படாது.

எதை வாங்கினாலும் ஒப்பிடறதுக்கு முன்னாடி பயாஸை அளந்துடுங்க. 6வி6 டியூபோட பிளேட் தாங்குறது அதிகபட்சம் 12 வாட். அதுல 70 சதவீதம் 8.4 வாட். பிளேட்ல 415 வோல்ட் இருந்தா டியூபுக்குச் சுமார் 20 மில்லி ஆம்பியர். ஒரு ஆம்ப் 12 மில்லி ஆம்பியர்லயும் இன்னொண்ணு 20-லயும் ஓடிட்டிருந்தா, நீங்க கேக்கிற வித்தியாசம் வயசோடது இல்ல, பயாஸோடது.