நெல்வயல் நடுவே ஏழு கோப்பைகள்

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலியக் கால்பந்து என்றதும் மிலான், யுவென்டஸ், ரோமா என்றுதான் பெயர்கள் வரும். அந்த ரோமா இதுவரை தேசியப் பட்டம் வென்றது 3 முறை. புரோ வெர்செல்லி என்ற சின்ன ஊர் அணியோ 7 முறை.

வெர்செல்லி, வடக்கே மிலானுக்கும் டூரினுக்கும் இடையில் இருக்கிறது. ஊரைச் சுற்றி எங்கும் நெல்வயல்தான். உள்ளூர்ச் சாப்பாடான பனீஸாவும் பீன்ஸ் போட்ட அரிசிச் சோறுதான். 1892இல் உடற்பயிற்சிக் கழகமாகத் தொடங்கிய புரோ வெர்செல்லியில், 1903இல் மார்செல்லோ பெர்த்தினெத்தி கால்பந்தைக் கொண்டுவந்தார். அவர் வாள்வீச்சுக்காரர். பிற்பாடு ஒலிம்பிக் தங்கமே வாங்கினார்!

1908, 1909 இரண்டும் இவர்களுக்குத்தான். 1910இல் இன்டர் மிலானும் இவர்களும் புள்ளிகளில் சமம். ஒரே ஓர் ஆட்டம்தான் முடிவு செய்ய வேண்டும். குறித்த தேதியில் முக்கிய வீரர்கள் சிலருக்கு ராணுவப் போட்டி. தள்ளிவைக்கக் கேட்டார்கள், சம்மதம் கிடைக்கவில்லை. சரி, அப்படியானால் பாருங்கள் என்று பள்ளிக்கூட வயதுப் பையன்களை இறக்கிவிட்டார்கள். இன்டருக்கு 10, பையன்களுக்கு 3. இன்டரின் முதல் பட்டம் இப்படித்தான் வந்தது. எனக்கு அந்த 3 கோல்கள்தான் பிடித்தவை.

கோபம் வீண்போகவில்லை. 1911, 1912, 1913 மூன்றும் வெர்செல்லிக்கு. 1913 மே மாதம் பெல்ஜியத்தை எதிர்த்து டூரினில் இறங்கிய இத்தாலி அணியின் 11 பேரில் 9 பேர் இந்த அணிக்காரர்கள். போருக்குப் பிறகு 1921, 1922 என்று இன்னும் இரண்டு.

அப்புறம் பணம் வந்தது. பெரும்பாலும் சொந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்தே ஜெயித்தவர்கள். தொழிற்சாலை முதலாளிகளோடு ஏலம் கேட்க முடியுமா? 1923இல் தற்காப்பு வீரர் ரோசெட்டா யுவென்டஸுக்குப் போனார். பெரிய வழக்காகி, அவரை வைத்து யுவென்டஸ் ஆடி முடித்த ஆட்டங்களையே தோற்றதாக அறிவித்தார்கள். ஆனாலும் கடைசியில் அவர் அங்கேயே இருந்துவிட்டார்.

16 வயதில் புரோ வெர்செல்லியின் வெள்ளைச் சட்டையைப் போட்ட கோல் வீரர் சில்வியோ பியோலாவும் 1934இல் ரோம் நகர அணியான லாத்சியோவுக்குப் போனார். மறு ஆண்டே புரோ வெர்செல்லி முதல் நிலைப் பிரிவிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. திரும்ப ஏறவே இல்லை. பியோலாவோ 1938 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 2 கோல் போட்டார்.

2010இல் பழைய கழகம் கடனில் முங்கியது. அதே ஊரின் இன்னோர் அணி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, 2012இல் 64 ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் நிலைப் பிரிவுக்கு ஏறியது. 2018இல் மறுபடி இறக்கம்.

வெர்செல்லி மைதானத்துக்கு இப்போது பியோலாவின் பெயர். பக்கத்து ஊரான நோவாராவிலும் அவர் ஆடியிருக்கிறார். இரண்டு ஊருக்கும் ஆகாது. அங்கேயும் மைதானத்துக்குப் பியோலா பெயர்தான். அந்தப் பக்கம் போகிறவர்கள் எந்த ஊர்ப் பியோலா என்று கேட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். வணக்கம்.